744 கோப்புகளும் இரண்டு இணைப்புகளும்

தமிழ் விக்கிப்பீடியாவின் எந்தக் கட்டுரை, நாளின் எந்த மணியில் எத்தனை முறை திறக்கப்படுகிறது என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நீண்ட நாளாக இருந்தது. அதற்கான தரவு பொதுவெளியிலேயே இருக்கிறது. விக்கிமீடியா அறக்கட்டளை தன் எல்லாத் திட்டங்களின் பக்கப் பார்வைகளையும் 2015 மே மாதம் முதல் மணிக்கு ஒரு கோப்பாகச் சுருக்கி, 'பேஜ்வியூஸ்' என்ற அடைவில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் எல்லா மொழிகளும் கலந்தே கிடக்கும். முதல் புலத்தில் 'டிஏ' என்று மட்டும் உள்ள வரிகள் தமிழ் விக்கிப்பீடியாவின் கணினிப் பதிப்புக்கும், 'டிஏ டாட் எம்' என்று உள்ளவை கைப்பேசிப் பதிப்புக்கும் உரியவை. தமிழுக்கென்று தனிக் கோப்பு கிடையாது என்பதால், நமக்கு வேண்டிய சில வரிகளுக்காக முழுக் கோப்பையும் இறக்கித்தான் ஆகவேண்டும். 31 நாள் உள்ள ஒரு மாதத்துக்கு 744 கோப்புகள். ஒன்று ஏறத்தாழ 50 எம்பி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 37 ஜிபி.

கோப்புகளின் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருப்பதால், இந்திய நள்ளிரவு என்பது அங்கே மாலை ஆறரை மணியாகி, ஒரு மணிக்குரிய கோப்பின் நட்ட நடுவில் வந்து விழுகிறது. அந்த அரை மணியை எப்படிப் பிரிப்பது என்பது வேறொரு நாளின் தலைவலி. இங்கே நான் எழுத வந்தது இறக்கும் வேலையைப் பற்றி மட்டுமே.

முதலில் நான் எழுதிய பைத்தான் நிரல் எல்லாரும் எழுதுவதுதான்: 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்தை வைத்து, ஒரு ஃபார் சுழலுக்குள் ஒரு கோப்பை இறக்கி முடித்த பிறகு அடுத்ததைத் தொடங்குவது. அது தவறின்றி ஓடியது, ஆனால் மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடும் பைத்தான் நிரலைக் கண்டவுடன் யாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: ஒரு வேலை காத்திருக்கும்போது இன்னொன்றைக் கவனிக்கும் ஏசிங்க் முறைக்கு மாறிவிட வேண்டும். (இந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போது முதலெழுத்தை 'அ' என்று போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது வாசகர்களுக்கே தெரியும். ஒத்திசையா நிரலாக்கம் என்ற சொல் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.)

மாறுவதற்கு முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கை நான் பிறகுதான் போட்டேன். விக்கிமீடியாவின் முதன்மைத் தரவு மையங்களில் ஒன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆஷ்பர்ன் என்ற ஊரில் இருக்கிறது. சென்னையிலிருந்து அது நேர்க்கோட்டில் 13,700 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும் என்பதால், ஒரு முறை போய்வரக் குறைந்தது 137 மில்லிநொடி ஆகும். கடலடிக் கம்பிகள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து கோப்பைக் கேட்பதற்கு மூன்று நடை தேவை: இணைப்பை ஏற்படுத்தும் டிசிபி கைகுலுக்கலுக்கு ஒன்று, அதை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3-க்கு ஒன்று, எச்டிடிபி கோரிக்கைக்கு ஒன்று. ஆக, முதல் பைட் வருவதற்குள் 0.4 நொடி வெறும் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். 744 கோப்புகளுக்கு அது ஏறத்தாழ 5 நிமிடம். ஆனால் 50 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்றில் 37 ஜிபியை முழு வேகத்தில் இறக்கவே 1 மணி 40 நிமிடம் ஆகும். நூறு நிமிட வேலையில் நான் ஒழிக்கப் புறப்பட்ட காத்திருப்பு வெறும் ஐந்து நிமிடம்தான்.

இதே 744 கோப்புகள் ஒவ்வொன்றும் 10 கேபி அளவுள்ள சிறு படங்களாக இருந்திருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும்: இறக்கத்துக்கு ஒன்றிரண்டு நொடி, காத்திருப்புக்கு 5 நிமிடம். அங்கே ஏசிங்க் கொண்டுவரும் மாற்றம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதிலும்கூட, இணைப்புகளை வைத்துக்கொள்ளும் ஒரே செஷனைத் திறந்துவைத்து இணைப்பை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினாலே மூன்று நடை ஒன்றாகக் குறைந்து, ஏசிங்க் இல்லாமலேயே மூன்றில் இரண்டு பங்கு காத்திருப்பு போய்விடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய செஷன் திறக்கும் ஏசிங்க் நிரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கையால் மிச்சப்படுத்தி மறுகையால் செலவழிக்கும் வேலை அது.

ஆனாலும் மாறினேன். மாறியதற்கு நான் அன்று நினைத்த காரணம் வேறு, இன்று சொல்லும் காரணம் வேறு; அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏசிங்க்ஐஓ என்ற நூலகம், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் முன்வைத்த முன்மொழிவின்படி, 2014-இல் வெளிவந்த பைத்தான் 3.4-இல் சேர்ந்தது. ஏசிங்க், அவெய்ட் என்னும் சொற்கள் 2015-இல், 3.5-இல், மொழிக்குள்ளேயே வந்தன. அது இயங்கும் முறையைச் சொல்லும் விளக்கங்களில் பெரும்பாலும் ஓர் உணவக ஊழியர் வந்து பல மேசைகளைக் கவனிப்பார். அவரை நான் இங்கே அழைக்கப்போவதில்லை. ஒரே ஓர் இழையில் (த்ரெட்) ஒரு சுழல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பணியும் அவெய்ட் என்ற இடத்துக்கு வந்து, இனித் தரவு வந்தால்தான் நகர முடியும் என்ற நிலையில், கட்டுப்பாட்டைச் சுழலிடம் திருப்பிக் கொடுக்கிறது. சுழல், லினக்ஸ் என்றால் ஈபோல் என்ற வசதி வழியாக இயங்குதளத்தின் கருவகத்தைக் (கெர்னல்) கேட்டு, எந்தெந்த சாக்கெட்டில் (வலை இணைப்பின் முனை) தரவு வந்திருக்கிறதோ அந்தந்தப் பணியை எழுப்பிவிடுகிறது. திருப்பிக் கொடுப்பது பணியின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது, யாரும் பறித்துக்கொள்வதில்லை. ஆகவே ஏசிங்க் செயல்கூறுக்குள் பழைய ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தையே அழைத்தால், பெயர்தான் ஏசிங்க். ஒரு கோப்பு முழுதாக இறங்கும்வரை மற்ற எல்லாப் பணிகளும் அசையாமல் நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை.

அந்தக் குழியில் நான் விழவில்லை. வேறொன்றில் விழுந்தேன். ஏஐஓ-எச்டிடிபி நூலகத்தை எடுத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் திறக்கக் கூடாது என்று அதன் கனெக்டருக்கு வரம்பு வைத்துவிட்டு, 744 பணிகளையும் ஒரே மூச்சில் தொடங்கிவிட்டேன். இரண்டு இரண்டாகக் கோப்புகள் இறங்கின. சரியாக ஐந்தாவது நிமிடத்தில், இறங்கிக்கொண்டிருந்தவை, இன்னும் தொடங்கவே தொடங்காதவை என்று எல்லாப் பணிகளும் ஒன்றாகக் காலக்கெடு தாண்டியதாகச் சொல்லி விழுந்தன. வலையமைப்பில்தான் கோளாறு என்று எண்ணி மீண்டும் ஓட்டினேன். மீண்டும் சரியாக ஐந்தாவது நிமிடம். இவ்வளவு ஒழுங்காக நேரம் பார்த்து வருவது வலையமைப்புக் கோளாறாக இருக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த நூலகத்தில் ஒரு கோரிக்கைக்கான மொத்தக் காலக்கெடு, நாம் எதுவும் சொல்லாவிட்டால், 300 நொடி. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், நான் படிக்கவில்லை. இணைப்பு ஒன்று கிடைப்பதற்காக வரிசையில் நிற்கும் நேரமும் அந்த 300 நொடிக்குள் அடக்கம். ஆகவே 744-ஆவது கோப்புக்கான கடிகாரம், அதன் முறை வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே ஓடத் தொடங்கிவிட்டது. வரிசையில் நிற்காத கோப்புக்கும் இந்தக் கெடு ஆபத்தானதே: வழங்கியோ வீட்டு இணைப்போ மந்தமாகி 1 எம்பிபிஎஸ் வேகம் மட்டுமே கிடைத்தால், 50 எம்பி கோப்புக்கு 400 நொடி வேண்டும், நன்றாக இறங்கிக்கொண்டிருப்பதையே கெடு வெட்டிவிடும். பெரிய கோப்புகளுக்கு மொத்த நேரக் கெடு என்ற எண்ணமே பொருந்தாது. 'இத்தனை நொடிக்குள் முடி' என்று கேட்காமல், 'இத்தனை நொடி ஒரு பைட்கூட வராமல் இருந்தால் நிறுத்து' என்று கேட்க வேண்டும். மொத்தக் கெடுவை எடுத்துவிட்டு, சாக்கெட் வாசிப்புக்கு மட்டும் 60 நொடி வைத்தேன். அதோடு 744 பணிகள் என்ற ஏற்பாட்டையும் கைவிட்டு, முகவரிகளை ஒரு வரிசையில் போட்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்யும் இரண்டே பணிகளை வைத்தேன். ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கும் செமஃபோர் வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் வரிசையும் இரண்டு வேலையாட்களும் என்றால், எங்கே எத்தனை பேர் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது நிரலைப் படிக்கும்போதே தெரிகிறது.

ஏன் இரண்டு? அந்த எண்ணை நான் தேர்ந்தெடுக்கவில்லை. விக்கிமீடியாவின் பதிவிறக்கப் பக்கம், ஓர் ஐபி முகவரிக்கு இரண்டு இணைப்புதான் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நூலகமோ நாம் எதுவும் சொல்லாவிட்டால் 100 இணைப்புகள் வரை, ஒரே வழங்கிக்குக்கூடத் தயங்காமல் திறக்கும். எத்தனை இணைப்பு என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் கோப்பைக் கொடுப்பவரே என்பது பழைய மரபு. 1999-இல் வெளிவந்த எச்டிடிபி 1.1 ஆவணம், ஒரு வழங்கிக்கு இரண்டு இணைப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. உலாவிகள் நடைமுறையில் ஆறுக்குப் போய்விட்டன. 2014-இன் திருத்தப் பதிப்பு எண்ணைச் சொல்வதையே விட்டுவிட்டு, நிதானமாக நடந்துகொள்ளச் சொன்னது. நான் 20 இணைப்பு திறந்தாலும் என் வீட்டுக் குழாய் 50 எம்பிபிஎஸ்தான். கிடைப்பது ஒரு மறுப்பு மட்டுமே. யார் கேட்கிறார்கள், எப்படித் தொடர்புகொள்வது என்பதைக் கோரிக்கையோடு போகும் யூசர் ஏஜென்ட் வரியில் எழுதும்படியும் அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். எழுதிவிடுவதுதான் நாகரிகம்.

நினைவகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதிலை முழுவதும் ஒரே முறையில் வாசிக்காமல் துண்டு துண்டாக வாங்கி எழுத வேண்டும், அவ்வளவுதான். நான் 256 கேபி துண்டுகளாக எடுக்கிறேன். வட்டில் எழுதுவது ஏசிங்க் அல்ல என்பதை மட்டும் தெரிந்துகொள்வது நல்லது. சாதாரணக் கோப்புகளை ஈபோல் ஏற்பதே இல்லை. ஏசிங்க் கோப்பு நூலகங்கள் என்று கிடைப்பவை பின்னால் ஓர் இழையிடம் வேலையைத் தள்ளிவிடுபவை. 256 கேபியைக் கருவகத்தின் இடைமாற்றகத்தில் (நினைவகத்திலுள்ள தற்காலிக இடம்) போடுவது மிகச் சிறிய வேலை என்பதால் நான் நேரடியாகவே எழுதிவிடுகிறேன். தூய்மைவாதிகள் மன்னிக்கவும்.

அதிக நேரத்தைத் தின்றது பாதியில் அறுந்த கோப்புகளின் பிரச்சினை. இறங்கிக்கொண்டிருக்கும் கோப்புக்கு அதன் உண்மைப் பெயரைக் கொடுக்கக் கூடாது என்பது முதல் விதி. பெயரின் பின்னால் 'பார்ட்' என்று ஒட்டிவைத்து, முழுதும் வந்து சரிபார்த்த பிறகே பெயரை மாற்றினால், உண்மைப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்பதற்கே 'இது முடிந்தது' என்று பொருளாகிவிடும். அடுத்த முறை நிரலை ஓட்டும்போது அதைத் தாண்டிப் போய்விடலாம். பாதியில் நிற்கும் பார்ட் கோப்பு இருந்தால், அதன் அளவைப் பார்த்து, அந்த பைட்டிலிருந்து தொடங்கி மீதியைக் கொடு என்று ரேஞ்ச் தலைப்புவரியில் கேட்க வேண்டும். இங்கே நிலைக்குறியீட்டைப் பார்க்காமல் எழுதினால் கோப்பு கெட்டுவிடும். 206 என்று பதில் வந்தால் வருவது மீதிப் பகுதி. கோப்பின் கடைசியில் ஒட்டலாம். 200 என்று வந்தால், வழங்கி நம் ரேஞ்ச் வரியைக் கண்டுகொள்ளவில்லை, கோப்பை முதலிலிருந்து அனுப்புகிறது என்று பொருள். அதையும் கடைசியில் ஒட்டினால் அரைக் கோப்பும் முழுக் கோப்பும் சேர்ந்த ஒன்றரைக் கோப்பு கிடைக்கும். 416 என்று வந்தால் நாம் கேட்ட இடத்துக்கு அப்பால் எதுவும் இல்லை. பெரும்பாலும் கடைசி பைட் வரை வந்துவிட்டு, பெயர் மாற்றுவதற்குள் நிரல் நின்றுபோயிருக்கும். இடையில் வழங்கியிலுள்ள கோப்பே மாறியிருந்தால் என்ன செய்வது என்பதற்கு இஃப்-ரேஞ்ச் என்ற வரி இருக்கிறது: முன்பு கிடைத்த, கோப்பின் பதிப்பை அடையாளம் காட்டும் ஈடேக் குறியை அதில் அனுப்பினால், கோப்பு மாறாதிருந்தால் மட்டும் மீதி வரும், மாறியிருந்தால் முழுதும் 200-ஆக வரும். அந்தக் குறியைப் பார்ட் கோப்பின் பக்கத்திலேயே ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறேன்.

ஜிஜிப் என்ற சுருக்க வடிவம் பற்றிய ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். இறக்கும் கோப்பே ஜிஜிப்பாகச் சுருக்கப்பட்டது. எச்டிடிபியிலும், வழியில் மட்டும் ஜிஜிப்பால் சுருக்கி அனுப்பும் வசதி தனியாக உண்டு. சில வழங்கிகள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஜிஜிப் கோப்பை அனுப்பும்போது 'வழியில் சுருக்கியது' என்ற குறியைப் போட்டுவிடும். ஏஐஓ-எச்டிடிபி அதை நம்பி விரித்துவிடும். வட்டில் ஜிஜிப் என்ற பெயரோடு விரிந்த கோப்பு உட்கார்ந்திருக்கும், அதன் அளவும் வழங்கி சொன்ன அளவோடு ஒத்துவராது, ரேஞ்ச் கணக்கும் பொய்யாகும். தானாக விரிப்பதை நிறுத்திவிட்டு, சுருக்காமல் அனுப்பு என்று ஐடென்டிட்டி கேட்டுவிடுவது பாதுகாப்பானது.

வந்த கோப்பு முழுமையானதுதானா என்பதை அறிய ஜிஜிப் வடிவமே உதவுகிறது. அதன் கடைசி 8 பைட்டுகளில் விரிந்த தரவின் சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண்ணும் அளவும் இருக்கின்றன. ஒரு முறை விரித்துப் பார்த்தால், வால் அறுந்த கோப்பு தப்ப முடியாது. ஆனால் விரிப்பது செயலியின் வேலை. அதைச் சுழலுக்குள் செய்தால் அந்த நேரம் முழுவதும் இறக்கம் நின்றுவிடும். பைத்தானின் சுருக்க நூலகம் வேலை செய்யும்போது உலகளாவியப் பூட்டை (ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே பைத்தான் நிரலை ஓட்டும்படி செய்வது) விட்டுவிடும் என்பதால், இந்தச் சரிபார்ப்பை மட்டும் தனி இழைக்கு அனுப்புகிறேன். தமிழ் வரிகளைத் தேடி எண்ணும் வேலையை அங்கே சேர்க்கவில்லை. அது தூய பைத்தான் நிரல், பூட்டைப் பிடித்துக்கொண்டே ஓடும். அதைத் தனி நிரலாக்கி, இறக்கம் முடிந்த பிறகு ஓட்டுகிறேன்.

மறுமுயற்சிகள் வழக்கமானவைதான். கோரிக்கைகள் மிகுந்துவிட்டன என்ற 429, இப்போது முடியாது என்ற 503 வந்தால் ரிட்ரை-ஆஃப்டர் வரி சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். அந்த வரி நொடிகளாகவும் இருக்கலாம், முழுத் தேதியாகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. வரி இல்லாவிட்டால் 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் இடைவெளியோடு சிறிது தற்செயல் நேரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். 404 வந்தால் மறுமுயற்சி கிடையாது. நிலைக்குறியீட்டைப் பார்க்க மறந்தால், 'பக்கம் இல்லை' என்ற எச்டிஎம்எல் பக்கமே கோப்பாகச் சேமிக்கப்பட்டுவிடும்.

இரண்டே இணைப்புதான் என்றால் இரண்டு இழைகள் போதாதா, ஏசிங்க் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். வேகத்தைப் பொறுத்தவரை போதும். வேகத்துக்காகத்தான் நான் ஏசிங்க்குக்கு மாறினேன், அது கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு: ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நடுவில் நிறுத்தும் வசதி. சாக்கெட்டில் காத்துக்கொண்டிருக்கும் ஓர் இழையை வெளியிலிருந்து நிறுத்தப் பைத்தானில் நேர்மையான வழி எதுவும் இல்லை. அதுவாக எழுந்து ஒரு கொடியைப் பார்த்தால்தான் உண்டு. ஏசிங்க் பணியை ரத்து செய்தால், அது காத்திருக்கும் அவெய்ட் வரியிலேயே ஒரு விலக்கு (எக்ஸெப்ஷன்) எழும். கோப்பு ஒழுங்காக மூடப்படும், பார்ட் கோப்பு அப்படியே இருக்கும், செஷன் இணைப்புகளை விட்டுவிடும். கன்ட்ரோல்-சி அழுத்திய மறுகணம் நிரல் அமைதியாக முடிகிறது. 3.8 முதல் இந்த ரத்து விலக்கு, சாதாரணப் பிழைகளின் வகையிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டதால், என் மறுமுயற்சிச் சுழல் அதைப் பிழை என்று தவறாக எண்ணி மீண்டும் இறக்கத் தொடங்குவதும் இல்லை. 2022-இல் 3.11-உடன் வந்த, பல பணிகளைச் சேர்த்து ஓட்டும் டாஸ்க்குரூப், ஒரு பணி பிழையோடு விழுந்தால் மற்றதையும் ரத்து செய்துவிட்டே வெளியே வருகிறது. அதே வேலைக்கான பழைய கேதர் அப்படியல்ல. ஒன்று விழுந்த செய்தியை நம்மிடம் சொல்லிவிடும், மற்றவை பின்னால் யாரும் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். வட்டு நிரம்பிப்போன ஓர் இரவில் இந்த வேறுபாடு எனக்கு நன்றாகப் புரிந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணியிருந்தபோது, ஒரு மாலை மின்சாரம் போனது. வந்தவுடன் நிரலை ஓட்டினேன். முடிந்தவற்றைத் தாண்டி, பாதியில் நின்றவற்றை 206 வாங்கித் தொடர்ந்தது. மறுநாள் எண்ணும் நிரல் ஒரு கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது. பெயர் சரியாக இருந்தது, பார்ட் என்ற ஒட்டு இல்லை, அளவு மட்டும் 0. சரிபார்த்த பிறகே பெயரை மாற்றியிருந்தேன். ஆனால் சரிபார்ப்பு படித்தது கருவகத்தின் இடைமாற்றகத்திலிருந்த தரவை. பெயர் மாற்றம் வட்டில் பதிவாகிவிட்டது, தரவு பதிவாகுமுன் மின்சாரம் போய்விட்டது. இப்போது பெயர் மாற்றுவதற்கு முன் எஃப்-சிங்க் அழைக்கிறேன். அது தரவு முழுவதும் வட்டில் எழுதி முடியும்வரை திரும்பாத அழைப்பு என்பதால், அதையும் சரிபார்ப்போடு சேர்த்து அந்த இழைக்கே அனுப்பிவிட்டேன்.